கோழியின் கண் வீக்கமும் நமது கடமையும்

உழவு மாட்டின் கண்ணில் நீர் வடியக் கண்டால் அன்றே கால்நடை மருந்தகத்திற்கு ஓட்டிச் செல்லும் குடும்பங்கள், அதே வீட்டுக் கொல்லையில் ஒரு கோழி கண் வீங்கி மூலையில் ஒடுங்கி நிற்பதைப் பொருட்படுத்துவதில்லை. கண்ணில் சுண்ணாம்பைத் தடவி விதியின் வசம் விடுவார் சிலர். அடுத்த சந்தை நாளில் கூடையிலிட்டுக் கொண்டுபோய் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார் பலர். இவ்விரண்டும் தவறென்பதும், முன்னதிலும் பின்னதே பெருந்தீங்கு விளைப்பதென்பதும் எமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை ஈண்டு எடுத்துரைப்போம்.

முதற்கண் அறிய வேண்டியது யாதெனில், கண் வீக்கம் என்பது தனியொரு வியாதியன்று. பல வியாதிகளுக்குப் பொதுவான ஓர் அடையாளமேயாம். ஆகவே, கண்ணுக்கு மருந்து தேடுமுன் கோழியைக் கையிலெடுத்து, கொண்டை, இமை, மூக்கு, வாய் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் நிதானமாய்ப் பார்த்தல் வேண்டும்.

கொண்டையிலும் தாடியிலும் இமையோரங்களிலும் பரு எழும்பிப் பொருக்குக் கட்டியிருப்பின் அது அம்மை. கொசுக்கடியாலும் தோலிலுள்ள சிறு காயங்களின் வழியாகவும் இது பரவுகிறது. இதன் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. ஆயினும் தோலோடு நிற்கும் அம்மை பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில் தானே ஆறிவிடும். பொருக்கைப் பிய்த்தல் ஆகாது. உதிர்ந்த பொருக்கில் கிருமி பல மாதங்கள் உயிருடன் இருக்குமாதலால் அதைத் திரட்டி எரித்துவிடுக. இமை ஒட்டிக் கண் தெரியாத கோழி நோயினால் மட்டுமன்றி, இரை காணாத பட்டினியாலும் சாகிறது. தீவனத்தையும் நீரையும் அதன் அலகருகே வைத்துப் பழக்கினால் பல கோழிகள் பிழைக்கும். வாயினுள்ளும் தொண்டையிலும் வெண்படலம் கட்டுமாயின் அது கடுமையானது. வைத்தியரிடம் காட்டத் தாமதித்தல் கூடாது.

முகம் உப்பி, மூக்கில் துர்நாற்றமுள்ள சளி வடிந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓரிரு நாட்களில் தொற்றுமாயின் அது கொரைசா எனப்படும் சளி நோயாம். மழையும் குளிரும் மிகுந்த மாதங்களில் இது அதிகம். நோயுற்ற கோழி அலகு வைத்த நீரே இதனைப் பரப்பும் முக்கிய வழிகளில் ஒன்று. தக்க மருந்தால் இது குணப்படும். ஆனால் குணமடைந்த கோழியும் கிருமியைத் தன்னுள் வைத்திருந்து பிறவற்றிற்குக் கொடுக்கவல்லது என்பதை மறத்தல் கூடாது.

பருவுமில்லை, நாற்றச் சளியுமில்லை, இமைக்கடியில் பாலாடைக்கட்டி போன்ற வெள்ளைப் பொருள் திரண்டிருக்கிறது எனில், ஏ ஜீவசத்துக் குறைவைச் சந்தேகிக்கலாம். அடைத்து வைத்து வெறும் அரிசி நொய்யையே இட்டு வளர்க்கும் கோழிகளுக்கே இது நேரும். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, மஞ்சள் மக்காச்சோளம் இவற்றை நாள்தோறும் கொடுத்தால் இக்குறை வராது. இவையன்றி, கண்ணின் உட்சவ்வுக்கடியில் ஒன்று இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய வெண்புழு நெளிவதும் உண்டு. கரப்பான் பூச்சியைத் தின்பதால் இப்புழு கோழியை அடைகிறது. காலையில் கூண்டைத் திறந்ததும் நம் கண்ணே எரியுமாயின், ஈர எச்சத்திலிருந்து எழும் அமோனியா ஆவிதான் காரணமென்று அறிந்து, கூண்டைச் சுத்தம் செய்து உலர்ந்த தரையிட வேண்டும். ஒரே கோழிக்கு ஒரே கண்ணில் வீக்கமெனில் முள்ளோ கொத்தோ பட்டிருக்கலாம்.

காரணம் எதுவாயினும் உடனே செய்யத்தக்கவை மூன்று. நோயுற்றதைத் தனியே, நிழலும் காற்றோட்டமுமுள்ள இடத்தில் வைத்தல்; காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, சுத்தமான துணியால் தினம் இருமுறை கண்ணைக் கழுவுதல்; நல்ல கோழிகளுக்கு முதலில் இரையிட்டு, நோயுற்றதைக் கடைசியாகக் கவனித்துக் கை கழுவுதல். சுண்ணாம்பு கண்மணியைச் சுட்டுவிடும். மனிதருக்கென வாங்கி மிஞ்சிய கண் மருந்தையும், கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையையும் கொடுத்தல் தகாது. எம்மருந்து, எவ்வளவு, அதை உண்ட கோழியின் முட்டையை எத்தனை நாள் விலக்க வேண்டும் என்பவற்றைக் கால்நடை வைத்தியரே சொல்ல வேண்டும்.

“ஒரு கோழியின் விலைக்கு வைத்தியரா?” என்று சிலர் கேட்கலாம். கோழி ஒன்றாயினும், தொற்றுவது தெருவிலுள்ள அத்தனைக்குமன்றோ! நிலமுடையாருக்கு ஒரு கோழியின் நஷ்டம் கணக்கில் வராது. கூலி வேலை செய்து பிழைக்கும் வீட்டிலோ, முட்டை விற்ற காசுதான் அவசரத்திற்கு உதவுவது. அவ்வீட்டுப் பெண், கோழி செத்தால் ஒன்றும் மிஞ்சாதென அஞ்சியே சந்தைக்குக் கொண்டு செல்கிறாள். அவளைக் குறை கூறிப் பயனில்லை. மேற்சொன்னவாறு பராமரித்தால் பெரும்பாலான கண் வீக்கங்கள் குணமாகும் என்பதையும், பாதி விலைக்கு விற்பதே நஷ்டம் என்பதையும் அவளுக்கு எடுத்துச் சொல்லுதலே முறை. சந்தையில் ஒரு கூடையில் நெருங்கியிருந்த கோழிகள் மாலையில் பத்து ஊர்களுக்குப் பிரிந்து செல்கின்றன. ஒரு வீட்டு நோய் அன்றிரவே பத்து ஊர் நோயாகிறது. வாங்குவோரும் புதுக் கோழியை மூன்று வாரமேனும் தனித்து வைத்துப் பின்னரே மந்தையில் சேர்த்தல் வேண்டும்.

இனி, கிராம அதிகாரிகள் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. தலை முழுவதும் வீங்கி, கொண்டை நீலம் பாய்ந்து, பல கோழிகள் ஒருங்கே திடீரென மடியுமாயின் அது வீட்டு வைத்தியத்திற்குரியதன்று. 2006-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தில் நவாபூர்ப் பகுதியில் இந்நாட்டில் முதன்முறையாகக் காணப்பட்ட பறவைக் காய்ச்சலாகவோ, வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயாகவோ அது இருக்கலாம். செத்தவற்றைத் தொடாமலும் உரிக்காமலும் உடனே தகவல் கொடுக்க வேண்டும். விலங்குகளின் தொற்று நோய்த் தடுப்பைக் குறித்த 2009-ஆம் ஆண்டின் மத்திய சட்டம், பட்டியலிற்கண்ட நோய்களை அறிவிக்கும் கடமையை உடையவர்க்கும் ஊராட்சிக்கும் விதித்து, அத்தகைய நோயுற்ற பிராணியைச் சந்தைக்குக் கொணர்வதைத் தடுத்துமிருக்கிறது. மேற்சொன்ன இரு நோய்களும் அப்பட்டியலைச் சேர்ந்தவை. சட்டம் ஏட்டளவில் நிற்பதும் நடைமுறைக்கு வருவதும் ஊர்த் தலைவர்களின் கையிலுள்ளன.

வருமுன் காத்தலே யாவற்றிலும் சிக்கனமானது. அம்மைக்கும் ராணிக்கெட்டிற்கும் தடுப்பூசிகள் உண்டு. இராணிப்பேட்டையில் 1932-ஆம் ஆண்டில் ஏற்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இத்தகைய மருந்துகளை உற்பத்தி செய்து வருகிறது. எனினும், பெரிய வீட்டுக் கோழிகளுக்கு மட்டும் ஊசி போட்டுக் குடிசைக் கோழிகளை விட்டுவிட்டால், காவலிட்ட தோட்டத்தில் வேலியின் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தது போலாகும். ஆதலின், நிலமுடையாரும் அதிகாரிகளும் அடுத்த தடுப்பூசி முகாமின் நாளை முன்கூட்டி விசாரித்தறிந்து, கடைசித் தெருவரை தண்டோராப் போட்டுத் தெரிவிப்பார்களாக. கண் வீங்கிய கோழி எதுவும் தம் ஊரிலிருந்து சந்தைக்குச் செல்வதில்லை என்றும் ஊர்க் கூட்டத்தில் ஒரு தீர்மானம் செய்வார்களாக. இவற்றிற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. சற்றே அக்கறை இருந்தாற் போதும்.