நாயோடு நடக்க ஒரு வழி வேண்டும்



2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தபோது, நாய் வளர்ப்பவர்கள் பலரும் 'எங்கள் நாயையும் கூட்டிப் போகலாமா?' என்று கேட்டார்கள். காட்டுக்குள் வளர்ப்பு நாய் கூடாது என்பதே என் கருத்து. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. பலவற்றின் உடலில் நாய்களைத் தாக்கும் டிஸ்டம்பர் வைரஸ் இருந்தது உறுதியானது.

அதற்காக நாயோடு இரண்டு மூன்று நாள் நடக்கும் ஆசையை விட வேண்டியதில்லை. கடலூர் முதுநகரில் கிளம்பி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை வழியாகச் சிதம்பரம் வரை ஊர்ச் சாலைகளிலேயே நடக்கலாம். கடற்கரை மணல் வேண்டாம். பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் அங்கே முட்டையிடும், நாய் மோப்பம் பிடித்துக் குழியைத் தோண்டிவிடும்.

விடியற்காலையில் கிளம்பி ஒன்பது மணிக்குள் நிழலுக்குப் போய்விட வேண்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள், ஐந்து விநாடி பொறுக்கவில்லையென்றால் நாயின் பாதமும் பொறுக்காது. வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றும் கழுத்துக் கயிறும் கட்டாயம். ஊர் எல்லைதோறும் தெருநாய்கள் சூழ்ந்துகொள்ளும், அப்போது கயிறு கையில் இருக்க வேண்டும்.

இரவுத் தங்கல்தான் பெரும்பாடு. நாய் என்றதும் விடுதிகள் கதவைச் சாத்துகின்றன. இவ்வழியில் நாயோடு தங்க நிழலும் தண்ணீரும் உள்ள ஓரிரு இடங்களை மாவட்ட நிர்வாகம் ஒதுக்கித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சிதம்பரம் வாசகர் ஒருவர்