கத்தரிக்காய் கற்பித்த இலக்கணம்

இலக்கணம் என்றவுடன் மாணாக்கர் முகம் வாடுவதை ஆசிரியர் எவரும் அறிவர். முப்பது ஆண்டுகளாக நானும் அவ்வாட்டத்துக்குக் காரணனாய் இருந்தவன். பெயர், வினை, இடை, உரி எனச் சொல் நான்கு என்று கூறி, நன்னூற் சூத்திரத்தை நெட்டுருப் பண்ணுவித்து, ஒப்புவியாதோரை வாங்கின்மேல் நிறுத்தினேன். ஒப்புவித்தோர்க்குப் பொருள் விளங்கிற்றோ என வினவியதில்லை.

சென்ற தவணையில் வேறொரு வழியை முயன்றேன். அது என் கண்டுபிடிப்பு அன்று; அமெரிக்கராகிய லெனார்ட் ஸ்டேர்ன், ரொஜர் பிறைஸ் என்னும் இருவர் 1958 இல் ‘மாட் லிப்ஸ்’ என்ற பெயரில் நூலாக வெளியிட்ட விளையாட்டு. கதையை மறைத்துவைத்து, பெயர்ச்சொல் ஒன்று தருக, வினைச்சொல் ஒன்று தருக எனக் கேட்டு, கிடைத்தவற்றை அதன் வெற்றிடங்களில் இட்டு வாசித்தல் வேண்டும்.

நான் எழுதியது சந்தைக் கதை. “காலையில் ……… வந்தான்” என்பது முதல் வசனம். பெயர்ச்சொல் கேட்டபோது, இலக்கண பாடத்தில் ஒருநாளும் வாய் திறவாத சிறுவன் ஒருவன், ‘கத்தரிக்காய்’ என்றான். “காலையில் கத்தரிக்காய் வந்தான்” என்று நான் வாசித்ததும் வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஏன் சிரித்தீர்கள் என்றேன்.

“கத்தரிக்காய் வந்தான் எண்டு சொல்லலாமோ, ஐயா? வந்தது எண்டெல்லோ சொல்லவேணும்” என்றாள் ஒருத்தி.

திணைவழுவை அவர்கள் முன்னரே அறிவர்; அதன் பெயரைத்தான் அறியார். அச்சிரிப்பே சான்று. ஆங்கிலத்தின் இறந்தகால வினை, வந்தவன் மனிதனோ மரக்கறியோ என்று பாராது. தமிழ் வினைமுற்றோ தன் ஈற்றினாலே திணையும் பாலும் காட்டி, பொருந்தாப் பெயரைப் பிடித்துக் கொடுத்துவிடும். “வாழைக்குலையை ……… வெட்டினான்” என்னும் இடத்தில் ‘கத்தி’ என்று மட்டும் நிறுத்தவும் இயலாது. ‘கத்தியால்’ என உருபு சேர்ந்தாலன்றி வசனம் நில்லாது. இடைச்சொல் தனித்து நடவாது என்பதை இதனினும் தெளிவாக நான் முன்னர் விளக்கியதில்லை.

உரிச்சொல்லுக்கு இவ்விளையாட்டு அத்துணை உதவவில்லை. அதற்குச் செய்யுளிடத்தே செல்லவேண்டும். வகுப்பைக் கூத்துமேடை ஆக்குகின்றேன் என்று நண்பர் சிலர் குறை கூறுகின்றனர். கூறட்டும். சூத்திரத்தை நான் கைவிடவில்லை, பிந்தி வைத்தேன்.

அன்று மணி அடித்த பின்னும் அச்சிறுவன் போகாது நின்றான். “ஐயா, எங்கடை பசு வந்தால் அம்மா ‘லட்சுமி வந்திட்டாள்’ எண்டு சொல்லுறா. அதுவும் பிழையோ?” என்றான். உவப்பினால் அஃறிணையை உயர்திணையாகக் கூறுதலை வழுவமைதி எனப் பவணந்தியார் ஏற்றுக்கொண்ட இடத்துக்கு அவன் தானாகவே வந்து சேர்ந்திருந்தான். மறுநாட் பாடத்தை அப்பசுவிலிருந்தே தொடங்கினேன்.