பம்ப் முனையில் எத்தனை வோல்ட்?

இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் நாரோபோட் 7 அடிக்கும் குறைந்த அகலமும் ஏறத்தாழ 70 அடி வரை நீளமும் உடையது. எஞ்சினும் பேட்டரியும் பின்கோடியில் இருக்கும்; கரியடுப்பு பெரும்பாலும் முன்கோடியில். அடுப்பை ஒட்டிய கொதிகலனில் சூடாகும் நீரை ரேடியேட்டர்களுக்குச் சுற்றவிடுவது 12 வோல்ட் பம்ப். அதற்கு வயர் இழுக்கும்போது நம்மில் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த வயர் எத்தனை ஆம்பியர் தாங்கும்? 2 ஆம்பியர் பம்புக்கு 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) தாராளம், வயர் சூடாகாது என்று விடை வரும். 230 வோல்ட்டில் பழகிய கைக்கு இது இயல்பு. 12 வோல்ட்டுக்கு அந்தக் கேள்வி போதாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பம்ப் 15 மீட்டர் தள்ளி இருந்தால் மின்சாரம் போய்த் திரும்ப 30 மீட்டர். 1 ஸ்கொயர் செம்பு வயரில் அது அரை ஓமுக்குச் சற்று மேல். 2 ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 230-இல் இது பொருட்டே இல்லை. 12-இல் கிட்டத்தட்ட 9 விழுக்காடு. அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சி முக்கியமான சுற்றுகளுக்கு 3 விழுக்காடும் மற்றவற்றுக்கு 10 விழுக்காடும் வோல்ட் இழப்பின் எல்லையாக வைத்திருக்கிறது. நம் பம்பை முதல் வகையில்தான் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் 2.5 ஸ்கொயரும் 3.5 விழுக்காட்டில் நின்று தோற்கிறது. 4 ஸ்கொயர்தான் தேறுகிறது.

வோல்ட்டோடு பம்பின் வேகமும் 9 விழுக்காடு குறைந்தால் நீரோட்டமும் ஏறத்தாழ அவ்வளவே குறையும், ரேடியேட்டருக்கு அது தெரியவே தெரியாது என்று சொல்பவர்கள் உண்டு. முதல் நாளில் அது உண்மைதான். ஆனால் படகின் ஈரத்தில் வெள்ளீயம் பூசாத செம்பு பச்சை பிடிக்கும், வயர் முனையின் லக் தளரும், பம்பை இயக்கக் குழாயில் கட்டிய தெர்மோஸ்டாட்டின் காண்டாக்ட் தேயும். ஒவ்வொன்றிலும் 0.1 ஓம் ஏறினால்கூட 0.2 வோல்ட் போகும். பம்பின் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தில் சரிகிறது. குழாயில் காற்று அடைத்த நாளில் அதைத் தள்ள வலு இராது. வருங்காலக் கோளாறுகளுக்கென விட்டுவைக்க வேண்டிய இடத்தை மெல்லிய வயர் முதல் நாளே தின்றுவிடுகிறது. சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட் கிடைக்கிறதே என்பதும் ஆறுதல் இல்லை. அடுப்பு அதிகம் எரிவது எஞ்சின் ஓய்ந்த இரவில். அப்போது பேட்டரியே 12.2-க்கு இறங்கியிருக்கும். கரியடுப்பைச் சுவிட்சைத் தட்டி அணைக்கவும் முடியாது. சூட்டாலேயே நீர் தானாகச் சுழலும்படி அகலக் குழாயைச் சரிவாகப் போட்டிருந்தால் தப்பிக்கலாம். ஒல்லிக் குழாயில் பம்ப் நின்றால் கொதிகலன் கொதிக்கும்.

தடித்த வயர் போட்டாயிற்று, ஃபியூஸையும் பெரிதாக்கலாம் என்று நினைப்பது இன்னொரு பிழை. பேட்டரிப் பக்க ஃபியூஸ் வயரைத்தான் காக்கும். சுழலி இறுகிய மோட்டார், 20 ஆம்பியர் ஃபியூஸை எரிக்காமலே தான் எரிந்துபோகலாம். பம்புக்கென்று தயாரிப்பாளர் சொன்ன அளவில் தனி ஃபியூஸ் வேண்டும்.

வேலை முடிந்ததும் மல்டிமீட்டரை வைக்க வேண்டிய இடம் பம்பின் முனை, அதுவும் பம்ப் ஓடும்போது. லோடு இல்லாத வயர் எவ்வளவு மெலிந்திருந்தாலும் முழு வோல்ட்டையே காட்டும். ஓடும்போது பேட்டரியில் எத்தனை, பம்பில் எத்தனை என்ற இரண்டு எண்களையும் தேதியிட்டு, படகுக்காரரிடம் கொடுக்கும் தாளில் எழுதுங்கள். அடுத்த குளிர்காலத்தில் பழுது பார்க்க வருபவர் எது மாறியிருக்கிறது என்பதை அதிலிருந்தே கண்டுகொள்வார்.