மலைக்கும் மக்கள் உண்டு

விஞ்ஞானத்துக்கு விரோதிகளா நாம்? அல்லவே அல்ல! 1965-இல் கோலார் தங்கவயல் சுரங்கத்தின் ஆழத்திலேதான், வான்வெளிக் கதிர்களால் பிறந்த நியூட்ரினோ துகளை ஆய்வாளர்கள் கண்டனர். அச்சுரங்கத்திலே வியர்வை சிந்திய தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆய்வு ஏட்டிலே நிலைத்தது. உழைத்தவன் வாழ்வோ தெருவிலே நின்றது!

அதே துகளைத் தேடி, போடி மேற்கு மலையைப் பொட்டிப்புரத்திலே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் குடைவதற்கு 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. கிணறு வற்றுமா, மேய்ச்சல் நிலம் போகுமா என்று கேட்டான் உழவன். புலிகளின் வழித்தடம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றத்திலே எதிர்த்தது தமிழ்நாடு அரசு.

கேள்வி கேட்டவனை அறியாதவன் என்று ஏளனம் செய்வதா விஞ்ஞானம்? அவன் மொழியிலே விடை சொல்லுங்கள். அவன் இசைந்தபின் உளியைத் தொடுங்கள். மலை அவன் வாழ்வு!