தவறணைக்குப் பின்னால் ஒரு தொழிலாளி



குறிகட்டுவான் துறையில் நயினாதீவு, நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருக்கும் முதியவர்களிடம் பழைய கள்ளுத் தவறணைகளைப் பற்றிக் கேளுங்கள். குடித்தவர்களின் கதை வரும். மரமேறியவரின் கதையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

காலையும் மாலையும் பனையேறிப் பாளை சீவியவருக்கு மரம் சொந்தமில்லை; சாதியின் பெயரால் அவமதிப்பு வேறு. 1972இல் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தபின், தவறணைகளைச் சீவல் தொழிலாளரின் சங்கங்களே நடத்தின. 1990–91 இடப்பெயர்வில் தீவகத்தின் பெரும்பகுதி வெறிச்சோடியது.

சம்பள நாளில் நம் கூலியை விழுங்கிய தவறணைகளை மலையகமும் அறியும். குடியை எதிர்ப்போம். ஆனால் மரத்திலிருந்து விழுந்தவரின் குடும்பத்தை யார் பார்த்தார்கள், கள்ளுக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பவற்றை, சொல்ல ஆளிருக்கும்போதே எழுதிவைப்போம். அதுவும் சங்க வேலைதான்.