நள்ளிரவில் பதறும் பறவை



கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி மனம் வருந்தி எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் வளைகுடாவில் பணியாற்றுகிறார். சென்ற விடுமுறையில் ஊர் வந்தபோது, ஒன்பது வயது மகன் ஆசைப்பட்டான் என்று ஒரு காக்கட்டீல் பறவையை வாங்கிக் கொடுத்துச் சென்றாராம். சாம்பல் நிற உடல், மஞ்சள் முகம், கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு, தலையில் ஓர் அழகிய கொண்டை. பகலெல்லாம் சீட்டியடித்து வீட்டையே மகிழ்விக்கும் அப்பறவை, சில நாட்களாக நள்ளிரவில் திடீரென்று சிறகுகளை அடித்துக்கொண்டு கூண்டுக் கம்பிகளில் மோதுகிறது. ஓரிரவு விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, கூண்டின் தரையெங்கும் உதிர்ந்த இறகுகள். ஓர் இறக்கையில் இரத்தம்.

“கண்ணுக்குத் தெரியாத எதையோ பார்த்துத்தான் பறவை பயப்படுகிறது” என்கிறார் மாமியார். கூண்டில் தாயத்துக் கட்டச் சொல்கிறார் அண்டை வீட்டார். “திறந்து விட்டுவிடுங்கள், நன்மையாவது கிடைக்கும்” என்கிறார் இன்னொருவர். மகனோ, அத்தா வாங்கித் தந்த பறவை இறந்துவிடுமோ என்ற கவலையில் சரியாக உறங்குவதே இல்லை. “நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்கிறார் அந்தச் சகோதரி.

சகோதரியே, முதலில் உங்கள் அச்சத்தை விடுங்கள். உங்கள் இல்லத்தில் எந்தத் தீங்கும் நுழைந்துவிடவில்லை. இப்பறவையை வளர்ப்போர் எல்லா நாடுகளிலும் நன்கறிந்த ஒன்றுதான் இது. இரவு மிரட்சி என்று இதனைச் சொல்லலாம்.

காக்கட்டீலின் தாயகம் ஆஸ்திரேலியா. அக்கண்டத்தின் வறண்ட உட்பகுதிகளில் கூட்டங்கூட்டமாகத் திரிந்து, தரையில் இறங்கிப் புல் விதைகளைப் பொறுக்கித் தின்று வாழ்வது அதன் இயல்பு. வாலையும் சேர்த்து ஏறத்தாழ ஓர் அடி நீளம். எடையோ 80 முதல் 100 கிராம்தான். எதிரியோடு போராடும் வலிமை அதற்கில்லை. பறந்து தப்புவது ஒன்றே அதற்கு அருளப்பட்ட பாதுகாப்பு. ஓசை கேட்டதும் முதலில் பறப்பது, காரணத்தைப் பிறகு பார்ப்பது என்பதே அதன் வழக்கம். வெட்டவெளியில் உயிரைக் காக்கும் இந்த இயல்பே, கூண்டுக்குள் அதனைக் காயப்படுத்துகிறது. இருளில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. உறக்கத்தில் திடுக்கிட்டு எழும்புகிறது; கம்பியில் மோதுகிறது; மோதிய வலியால் மேலும் மிரள்கிறது. எந்தக் காக்கட்டீலுக்கும் இது நேரலாம். லூட்டினோ எனப்படும் வெளிர்மஞ்சள் நிறப் பறவைகளுக்குச் சற்று மிகுதி என்பது வளர்ப்போர் அனுபவம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பயணமொன்றில் நடந்த நிகழ்ச்சியை அபூதாவூது நூலில் காண்கிறோம். ஒரு சிறு பறவை மேலே சிறகடித்துத் தவித்தது. அதன் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்து வந்திருந்தனர். அப்பறவையைத் துயரப்படுத்தியது யார் என்று வினவி, குஞ்சுகளைத் திரும்ப விட்டுவிடும்படி நபியவர்கள் பணித்தார்கள். ஓர் உயிர் பதறும்போது நாமும் அதன் காரணத்தைத்தான் தேட வேண்டும்.

ஆகவே, நீங்களும் காரணத்தைத் தேடுங்கள். இரவு விளக்குகளை அணைத்துவிட்டுக் கூண்டருகே சிறிது நேரம் அமர்ந்து பாருங்கள். சுவரில் ஓடும் பல்லி, சிந்திய தானியத்துக்கு வரும் எலி, சன்னலில் வந்து நிற்கும் பூனை, காற்றில் அசையும் திரை, மேசைமீது அதிரும் கைப்பேசி, சாலையில் போகும் வண்டியின் வெளிச்சம் இவற்றில் ஏதேனும் ஒன்று அகப்படும். புதுச்சேரியையும் சிதம்பரத்தையும் இணைக்கும் சாலை கடலூர் வழியே செல்வதால், இரவிலும் பேருந்துகளும் லாரிகளும் ஓய்வதில்லை. கூண்டு தெருப்பக்கச் சன்னலில் தொங்குமானால், ஒவ்வொரு வெளிச்சக் கீற்றும் அப்பறவைக்கு ஒரு பருந்தாகத் தோன்றலாம்.

இனிச் செய்ய வேண்டியவை. கூண்டைச் சன்னலிலிருந்து அகற்றி, உள்ளறையில் ஒரு பக்கம் சுவரை ஒட்டி, நெஞ்சளவு உயரத்தில் வையுங்கள். அருகில் ஒரு சிறு விடிவிளக்கு இரவு முழுவதும் எரியட்டும். இதுவே தலையாய மருந்து. விழித்தெழும் பறவைக்குத் தான் அமரும் குச்சி எங்கே, கம்பி எங்கே என்று தெரிந்துவிட்டால், மிரட்சி பெரும்பாலும் அந்த நொடியிலேயே அடங்கிவிடும். கூண்டைத் துணியால் மூடும் பழக்கமிருந்தால் மூன்று பக்கம் மட்டும் மூடி, விளக்குள்ள பக்கத்தைத் திறந்து விடுங்கள். முற்றிலும் மூடிய கூண்டு இருட்டறையாகிவிடும்.

ஊஞ்சல், மணி, கண்ணாடி முதலியவற்றை மாலையில் எடுத்துவிட்டுக் காலையில் மாட்டுங்கள். இரவில் மோதுவதற்குப் பொருள்கள் குறைந்தால் காயமும் குறையும். சிந்திய தானியத்தை அந்தியிலேயே கூட்டிவிட்டால் எலி வராது. கொசுவுக்கு அஞ்சிச் சுருள் கொளுத்தாதீர்கள். புகை பறவையின் மூச்சுக்கு ஆகாது. சாம்பிராணிப் புகையும் அப்படியே. கூண்டின்மேல் கொசுவலை விரித்தால் போதும்.

பறவைக்கு நாளொன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேர ஓய்வு தேவை. தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் வைத்துவிட்டு அது உறங்கும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது. ரமளான் மாதத்தில் இன்னொரு கவனமும் வேண்டும். ஸஹருக்கு எழுந்தவுடன் பளிச்சென்று விளக்கைப் போட்டுப் பாத்திரங்களை உருட்டினால் அது மிரளும். முதலில் மெல்லக் குரல் கொடுத்து, பிறகு விளக்கைப் போடுங்கள்.

மிரட்சி வந்துவிட்டால் என் செய்வது? ஓடிச்சென்று கூண்டுக்குள் கையை விடாதீர்கள். இருளில் நீளும் கை அதற்கு எதிரியின் கால் நகமாகத் தோன்றும். தாழ்ந்த குரலில் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டே சென்று விளக்கைப் போடுங்கள். அது குச்சியில் ஏறி அமர்ந்து, மூச்சு சீராகும்வரை உடனிருங்கள். பின்னர் இறக்கைகளையும் கால்களையும் கண்ணால் பாருங்கள்.

இரத்தம் கண்டால் காலங்கடத்தலாகாது. புதிதாக முளைக்கும் இறகின் தண்டில் இரத்தம் ஓடும். அது முறிந்தால் கசிவு எளிதில் நிற்பதில்லை. பறவையின் மொத்த இரத்தமே அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். 90 கிராம் பறவைக்கு 9 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவு. மென்மையான துணியில் பறவையைச் சுற்றி, கசியும் இடத்தில் சோளமாவைத் தூவி, சுத்தமான துணியால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நெஞ்சை மட்டும் இறுக்காதீர்கள். பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது; மார்பு விரிந்து சுருங்கித்தான் அது மூச்சுவிடும். கசிவு நிற்காவிட்டாலோ, இறக்கை தொங்கினாலோ மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அருகிலுள்ள புதுச்சேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு.

கடலோரத்தில் வாழும் நாம் புயல் இரவுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததையும், அதன்பின் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்ததையும் மறக்க முடியுமா? 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அத்தகைய இரவுகளில் மனிதரே நடுங்கும்போது, கூண்டுப் பறவையின் நிலை என்ன? மின்சாரம் நின்றவுடன் தானே எரியும் மின்கல விளக்கு ஒன்றைக் கூண்டருகே வைத்திருங்கள். கூண்டை வீட்டின் நடுவறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வெடிச் சத்தம் மிகும் தீபாவளி இரவிலும் இவ்வாறே செய்யலாம்.

திறந்து விட்டுவிடுவது நன்மையல்லவா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. கூண்டிலேயே பிறந்து, கிண்ணத்துத் தானியத்தையே அறிந்த பறவை இது. மஞ்சக்குப்பத்து வானில் விட்டால் காகத்துக்கும் பூனைக்கும் இரையாகும். அல்லது பசியால் மடியும். அதற்கு விடுதலை என்று பெயரிடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். நம் நாட்டுக் காட்டில் பிடிபட்ட பச்சைக்கிளியின் நிலை வேறு. அதனை வீட்டில் வைத்திருப்பதையே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.

தாயத்தோ எலியைத் தடுக்காது, இருளையும் விலக்காது. மாமியாரிடம் வாதம் செய்ய வேண்டாம் சகோதரியே. விடிவிளக்கை ஏற்றி வைத்து, ஒரு வாரம் பார்க்கச் சொல்லுங்கள். பறவை அமைதியாக உறங்குவதை அவரே கண்டு மகிழ்வார், இன்ஷா அல்லாஹ்.

மகனிடம் ஒரு பொறுப்பை ஒப்படையுங்கள். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் என்னும் சிறுவர் ஒரு குருவி வளர்த்தார். நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அக்குருவியைப் பற்றிக் கனிவோடு விசாரித்தார்கள். இந்நிகழ்ச்சியிலிருந்து மட்டும் அறுபது படிப்பினைகளை இப்னுல் காஸ் என்னும் அறிஞர் தொகுத்தார் என்பர். உங்கள் மகனும் இரவுதோறும் உறங்கப் போகுமுன் விளக்கை ஏற்றி, தரையைக் கூட்டி, பறவையோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் படுக்கட்டும். தன்னை நம்பியிருக்கும் ஓர் உயிரின் அச்சத்தைப் போக்கத் தன்னால் முடியும் என்று அறிந்த பிள்ளை, தானும் அச்சமின்றி உறங்குவான்.

கூண்டில் அடைத்தவர் நாம். பறந்து தப்பும் வழியை அதனிடமிருந்து எடுத்துக்கொண்டவரும் நாம். ஆகவே அதன் இரவுகளுக்கு நாமே பொறுப்பு.