கொலுப்படியும் ஊர்ப்பொதுவும்

நவராத்திரி வந்தால், ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பல இல்லங்களில் டிரங்குப் பெட்டி, பலகை, செங்கல் முதலியன ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டு ஏழு படியாகவும் ஒன்பது படியாகவும் உயர்கின்றன. மேலே வேஷ்டியை விரித்ததும் பெட்டி மறைந்து கொலுமண்டபம் தோன்றுகிறது. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால், மறுநாள் யாவும் பரணுக்குப் போய்விடும். லண்டன் டேட் கலைக்கூடம் கார்ல் ஆந்த்ரே என்னும் அமெரிக்கச் சிற்பி அடுக்கிய 120 செங்கற்களை 1972-இல் விலை கொடுத்து வாங்கிற்று. இதுவும் கலையா என்று 1976-இல் பத்திரிகைகள் கூக்குரலிட்டன. நம் பெண்மணிகள் சிற்பிப் பட்டம் எதையும் கேட்டாரில்லை.

எனினும் புகழ்வது நமது நோக்கமன்று. 1939 ஜூலை 8-இல் வைத்தியநாதையர் ஒடுக்கப்பட்ட சகோதரருடன் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துள் பிரவேசித்தார். 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தது. கோயிற்கதவு திறந்தும், கொலுவுக்கு அழைக்கும் குங்குமச் சிமிழ் இன்னும் பல தெருக்களில் ஜாதியெல்லையைத் தாண்டுவதில்லை. பொம்மை செய்த விளாச்சேரித் தொழிலாளியின் மனைவிக்கு அப்பொம்மையின் முன்னே தாம்பூலம் கொடுத்தவர் எத்தனை பேர்?

குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்த ஊர் ராஜபாளையம். ஆண்டாளின் தேர்வடத்தை ஆயிரமாயிரம் கைகள் பற்றும் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். இவ்விரு ஊர்த் தொண்டர்களையும் வேண்டுகிறோம்: தெருவுக்கொரு பெட்டி வீதம், சேரித் தெருவையும் சேர்த்து, வாங்கி வந்து பொதுவிடத்தில் கொலு அடுக்குங்கள். சுண்டல் வாங்கும் கையின் ஜாதியைப் பார்ப்பவர் அன்று மாலை வீட்டிலேயே இருக்கலாம்.